பி.டி. டீச்சர் பதில்கள்: துவைக்கும்போது கிடைத்த பொட்டலம்

முப்பத்தொரு வருஷம் ஈரோடு மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் விசில் ஊதிவிட்டு ஓய்வு பெற்றவள் நான். முட்டிவலிக்கு என்ன செய்யலாம், ஓட்டப்பந்தயத்துக்குப் போகும் பிள்ளைக்கு என்ன சாப்பாடு கொடுக்கலாம் என்றுதான் வழக்கமாகக் கேட்பீர்கள். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேறு விஷயம். முட்டிவலிக்காரர்கள் அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

*கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகனின் பேன்ட்டைத் துவைக்கப் போடும்போது பையில் சின்னதாக ஒரு பொட்டலம் கிடைத்தது. உதட்டுக்குள் வைக்கும் புகையிலை என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். அவன் அப்பா லாரி ஓட்டுகிறார், பத்து நாளுக்கு ஒருமுறைதான் வருவார். சொன்னால் பெல்ட்டை உருவிவிடுவார். பள்ளிக்கூடத்தில் சொல்லலாமா, இல்லை படிப்பை நிறுத்தி அவரோடு லாரியிலேயே அனுப்பிவிடலாமா?*
— பெயர் வேண்டாம், கோபிசெட்டிபாளையம்

லாரியில் மட்டும் அனுப்பிவிடாதீர்கள் அம்மா. ஏன் சொல்கிறேன் என்றால், அந்தத் தப்பை நான் செய்திருக்கிறேன்.

2009இல் என்னிடம் கபடி ஆடிய பையன் ஒருவன். நல்ல ரைடர். குறுவட்டப் போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது, கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் நின்று கீழுதட்டை இழுத்து எதையோ உள்ளே தள்ளுவதைப் பார்த்தேன். காலரைப் பிடித்து, மைதானமே வேடிக்கை பார்க்க, ஹெச்.எம். அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். மறைக்காமல் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு எதையோ சாதித்த மாதிரி இருந்தது. ஒரு வாரத்தில் டி.சி. கொடுத்துவிட்டார்கள். அவன் அம்மா பி.டி. ரூம் வாசலுக்கு வந்து, ஏழாம் நம்பர் பனியனைத் துவைத்து மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்கப்புறம் காலை ஒன்பது மணிக்குப் போவதற்கு அவனுக்கு ஓர் இடம் இல்லாமல் போனது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சீட்டாடுகிறவர்கள் இடம் கொடுத்தார்கள். பொட்டலத்தில் இருந்தவன் பதினெட்டு வயதில் குவார்ட்டருக்கு வந்துவிட்டான். இப்போது ஒரு லேத்தில் வேலை, கல்யாணம் ஆகிவிட்டது, எங்கே பார்த்தாலும் வணக்கம் வைக்கிறான். எனக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

சரி, உங்கள் விஷயம். பொட்டலத்தின் பெயரை எழுதியிருந்தீர்கள், நான் எடுத்துவிட்டேன். இங்கே அச்சடித்தால் அதற்கு ஓசி விளம்பரம். புகையிலை கலந்த குட்கா, பான் மசாலாவுக்கெல்லாம் 2013 முதலே தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. இருந்தும் ஒன்பதாம் வகுப்புப் பையன் பைக்குள் இதெல்லாம் வந்து சேர்கிறது.

அவனிடம் பேசும்போது எதிரே உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். வெங்காயம் உரிக்கச் சொல்லுங்கள், நீங்களும் உரியுங்கள். கண்ணில் தண்ணீர் வந்தால் வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம், இரண்டு பேருக்குமே. "இது உன் பையில் இருந்தது. எப்போதிலிருந்து?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். "ஃப்ரெண்டோடது" என்பான். எல்லாப் பிள்ளையும் சொல்லும் முதல் பதில் அது, அதோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை, காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பொட்டலம் என்று மெதுவாகத் தெரிந்துகொள்ளுங்கள். எழுந்த அரை மணிக்குள் தேடுகிறான் என்றால் நிகோடின் நன்றாகப் பிடித்துவிட்டது, டாக்டர் உதவி வேண்டும்.

மனநல டாக்டர் என்றால் வரமாட்டான். பல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். உதட்டின் உள்பக்கம் வெள்ளையாகத் தோல் தடித்திருக்கிறதா என்று அவரே பார்த்துச் சொல்வார். பாக்கு கலந்த சரக்காக இருந்தால், மூன்று விரலைச் சேர்த்துச் செங்குத்தாக வாய்க்குள் விட முடிகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். நுழையவில்லை என்றாலோ, காரம் பட்டால் வாய் எரிகிறது என்றாலோ தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

நிறுத்தினால் முதல் மூன்று நாள் எரிந்து விழுவான், தூங்கமாட்டான், படிப்பு ஓடாது. இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் அடங்கிவிடும். அதுவரை வாயில் மெல்ல ஓமமோ நெல்லிக்காயோ ஏதாவது இருக்கட்டும். புகையிலையை நிறுத்த உதவும் இலவச எண் 1800-11-2356. புகையிலைப் பாக்கெட்டின் மேலேயே அச்சடித்திருக்கும், யாரும் படிப்பதில்லை.

அவன் அப்பாவிடம் மறைக்காதீர்கள், ஆனால் அவர் வீட்டுக்கு வருவதற்கு முன்பே போனில் சொல்லிவிடுங்கள். கோபத்தை வழியிலேயே ஓட்டித் தீர்த்துவிட்டு வரட்டும். தினமும் சாயங்காலம் எந்த ஊரில் இருந்தாலும் பையனிடம் ஐந்து நிமிஷம் பேசச் சொல்லுங்கள், பொட்டலத்தைப் பற்றி அல்ல, லாரியைப் பற்றி. பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு நம்பிக்கையான ஒரே ஓர் ஆசிரியரிடம் நேரில் சொன்னால் போதும். ஹெச்.எம். அறைக்கு எழுத்தில் எதுவும் கொடுக்க வேண்டாம்.

*கேள்வி: ஜூன் 26 போதை ஒழிப்பு தினத்துக்கு எங்கள் பள்ளியில் ஊர்வலம், உறுதிமொழி, கட்டுரைப் போட்டி எல்லாம் நடத்துகிறோம். இதனால் பயன் உண்டா?*
— ஓர் ஆசிரியர், தருமபுரி

ஊர்வலம் முடிந்ததும், தான் தூக்கிப்போன துணிப் பதாகையையே காற்றுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு பீடி பற்றவைத்த பையனைப் பார்த்தவள் நான் சார். பதாகையில் என்ன எழுதியிருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

நடத்துங்கள், கெடுதல் ஒன்றும் இல்லை. அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் கெடுதல். 1983இல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில், போலீஸ்காரரே வகுப்புக்கு வந்து போதையைப் பற்றிப் பாடம் நடத்தும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். நாடு முழுக்கப் பரவியது. பின்னால் பல ஆய்வுகள் செய்து பார்த்தபோது, அந்தப் பாடம் கேட்ட பிள்ளைகளுக்கும் கேட்காத பிள்ளைகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. பயமுறுத்தினால் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். பதினைந்து வயசுக்குப் பயம் ஒரு ருசி.

ஐஸ்லாந்து வேறு மாதிரி போனது. 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர் அதற்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்துப் போதையானவர்கள். 2016இல் அது 5. தினமும் சிகரெட் பிடிப்பவர்கள் 23இலிருந்து 3 ஆனார்கள். என்ன செய்தார்கள்? பாட்டு, விளையாட்டு, நடனம் என்று பள்ளி முடிந்த நேரத்தை நிரப்பினார்கள். தலைநகரத்தில் அதற்கென்று ஒவ்வொரு பிள்ளைக்கும் வருஷா வருஷம் பணம் ஒதுக்கினார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்கு மேல் வெளியே சுற்றக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. பெற்றோர்கள் ஒருவருக்கொருவர் பேசி வைத்துக்கொண்டார்கள். நான்கு லட்சம் பேர்கூட இல்லாத தேசம், அங்கே முடிந்தது இங்கே அப்படியே முடியாது. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்பதை அவர்கள் சரியாகப் பார்த்தார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்த இடம் நாலரை மணியிலிருந்து ஏழு மணி வரை. பள்ளி பூட்டியாயிற்று, அப்பா அம்மா வேலையிலிருந்து வரவில்லை, மில் ஷிஃப்ட் முடியவில்லை. அந்த இரண்டரை மணி நேரத்துக்கு யார் பொறுப்பு?

நாம் என்ன செய்கிறோம்? இருக்கிற பி.டி. பீரியடையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறார். முப்பத்தொரு வருஷத்தில் ஒருவர்கூடத் திருப்பித் தந்ததில்லை.

என் பங்குக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் இருபது வருஷம், நன்றாக ஆடுகிற பன்னிரண்டு பேரைப் பொறுக்கிக்கொண்டு மிச்சப் பேரை மரத்தடிக்கு அனுப்பியவள்தான் நான். வம்பு எல்லாம் மரத்தடியில்தான் முளைத்தது. பிறகுதான் புத்தி வந்து, சாயங்காலம் ஆறரை வரை கேட்டைத் திறந்து வைத்தோம். பெற்றோர் ஆசிரியர் கழகப் பணத்தில் இரண்டு விளக்கு, மூன்று வாலிபால். ஆடத் தெரியாதவனுக்கு ஸ்கோர் எழுதும் வேலை, கோடு போடும் வேலை, வலை கட்டும் வேலை. சுண்ணாம்புப் பவுடர் வாளியோடு குனிந்து கோடு போட்டுக்கொண்டே வந்த ஒரு பையன், ஒரு நாள் திடீரென்று, நிமிராமலே, "டீச்சர், எங்கப்பா நேத்து வீட்டுக்கு வரலை" என்றான். கோடு கொஞ்சம் வளைந்துவிட்டது. ஊர்வலத்தில் இப்படி ஒரு வார்த்தை வராது சார்.

*கேள்வி: கஞ்சா இயற்கையான செடிதானே, சாமியார்களே குடிக்கிறார்கள், மதுவைவிட நல்லது என்கிறான் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கும் என் மகன். என்ன பதில் சொல்வது?*
— கோவை வாசகர்

ஊமத்தையும் இயற்கையான செடிதான், அரைத்து ஒரு டம்ளர் குடிக்கச் சொல்லுங்கள் என்று எழுதத்தான் கை வந்தது. ஆனால் வாதத்தில் ஜெயித்து என்ன ஆகப்போகிறது. மூளை முதிர்ந்து முடிய இருபத்தைந்து வயதுபோல ஆகும். அதற்கு முன்னால், அதுவும் அடிக்கடி புகைத்தால், ஞாபகமும் கவனமும் அடிவாங்கும். சிலருக்குக் காதில் குரல் கேட்கும், எல்லாரும் தன்னையே கவனிக்கிறார்கள் என்று தோன்றும். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்திருந்தால் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அதை அவனிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985இலிருந்து இருக்கிறது. புகைத்ததற்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். நண்பனுக்காக வாங்கிக் கொடுத்தான் என்றால் அது வேறு பிரிவு, வேறு கணக்கு. அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால், சிறு அளவு வைத்திருந்த வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி உண்டு. மகனோடு சண்டை போட்டுக் களைத்த பெற்றோர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

*கேள்வி: பள்ளி கேட்டுக்கு எதிரிலேயே பெட்டிக்கடை. பிள்ளைகளுக்கு சிகரெட் விற்கிறார்கள். யாரிடம் புகார் செய்வது?*
— சேலம் வாசகி

முதலில் அளந்து பாருங்கள். கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், புகையிலைப் பொருள் விற்கக்கூடாது. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு எங்கேயும் விற்கக்கூடாது. இது 2003ஆம் வருஷத்துச் சட்டம். இதை மீறினால் அபராதம் 200 ரூபாய் வரை. சிரிக்காதீர்கள், அவ்வளவுதான். ஆனால் 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவைக் கடைக்காரருக்குச் சொல்லுங்கள். குழந்தைக்கு மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ கொடுத்தால் ஏழு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பிள்ளைகளை வைத்துச் சரக்குக் கடத்தினால் 78ஆம் பிரிவு, அதே தண்டனை.

நாங்கள் டிராக் போடுகிற ஐம்பது மீட்டர் டேப்பை எடுத்துக்கொண்டு போய், பட்டப்பகலில், கேட்டிலிருந்து கடைவரை அளந்தோம். ஒரு டேப்பும் பதின்மூன்று மீட்டரும். கடையில் இருந்த பாட்டி, "ரோட்டை அகலப்படுத்தறாங்களா டீச்சர்?" என்று பயந்துபோய்க் கேட்டது. விஷயத்தைச் சொன்னதும், "நான் விக்கலைன்னா அடுத்த கடையில வாங்குவான்" என்றது. அது பொய் இல்லை. ஆகவே அடுத்த கடை வரைக்கும் அளந்தோம். பாட்டிக்கு வருமானம் போகக்கூடாது என்று ஆசிரியர்கள் எல்லோரும் டீயை அங்கே மாற்றிக்கொண்டோம். ஒரு மாதத்தில் சிகரெட் போய்த் தேன்மிட்டாய் வந்தது. இது எல்லாக் கடையிலும் நடக்காது. நடக்காத இடத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள், காவல் நிலையத்துக்கும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும். பிள்ளைகளின் பெயர் அதில் வரக்கூடாது.

*கேள்வி: மகன் ப்ளஸ் ஒன். திடீரென்று கையில் நிறக் கயிறு கட்டிக்கொண்டு வருகிறான். அரிவாளோடு எடுத்த ரீல்ஸ் எல்லாம் அவன் போனில் இருக்கிறது. வேறு தெருப் பையன்களோடு தகராறு என்கிறார்கள். கவலையாக இருக்கிறது.*
— திருநெல்வேலி மாவட்டத்துத் தகப்பன்

கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணாச்சி. உங்கள் கையில் என்ன நிறம்? உங்கள் பைக்கில் என்ன ஸ்டிக்கர்? கோயில் கொடைக்கு அடித்த ஃப்ளெக்ஸில் யார் படம்? பதினாறு வயதுப் பையன் சாதியைச் சொந்தமாகக் கண்டுபிடிப்பதில்லை. எங்கள் பக்கம் மட்டும் யோக்கியம் என்று சொல்லவில்லை, இங்கே கயிறு கட்டாமலே எல்லாம் நடக்கும்.

2023 ஆகஸ்டில் உங்கள் மாவட்டத்து நாங்குநேரியில் கூடப் படித்த பையன்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், பொட்டு எதுவும் பள்ளிக்குள் கூடாது என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. பள்ளி கேட்டில் கத்தரிக்கோலோடு நிற்கலாம். வீட்டில் கட்டிவிடுகிற கையை யார் பிடிப்பது?

அடிதடி எப்படி நடக்கிறது என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். பையன்கள் சண்டை நின்ற நிலையில் வெடிப்பதில்லை. முந்தின ராத்திரி இன்ஸ்டாகிராமில் ஒரு ஸ்டோரி, அதற்கு ஒரு பதில் ஸ்டோரி, காலையில் இடமும் நேரமும் குறித்தாகிவிடும். பஸ் ஸ்டாப், நாலே கால் மணி. பாதிப் பேருக்குப் போகவே பிடிக்காது, போகாவிட்டால் கேவலம் என்றுதான் போகிறான். உங்கள் பையனுக்கு வேண்டியது மரியாதை கெடாமல் நழுவுவதற்கு ஒரு சாக்கு. "எங்கப்பா இன்னைக்குத் தோட்டத்துக்கு வரச் சொல்லிட்டார்டா" என்று அவன் சொல்லிக்கொள்ளட்டும், நீங்கள் வில்லனாக இருந்துவிட்டுப் போங்கள். நாலு மணிக்கு நீங்களே பைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளி வாசலில் நில்லுங்கள். அந்த இன்னொரு தெருப் பையனின் அப்பாவிடமும் பேசிவிடுங்கள், அவருக்கும் இதே கவலைதான் இருக்கும். ரீல்ஸில் இருக்கும் அரிவாள் யாருடையது, இப்போது எங்கே இருக்கிறது என்பதை மட்டும் இன்றைக்கே கண்டுபிடித்துவிடுங்கள். கயிற்றை அப்புறம் பார்க்கலாம்.

*கேள்வி: என் தோழி வலி மாத்திரையைப் போதைக்காகப் போடுகிறாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். சொன்னால் துரோகம்தானே?*
— ப்ளஸ் டூ மாணவி

இல்லை கண்ணு. சத்தியம் வாங்கியவளுக்கு உள்ளே பயம் இருக்கிறது, அதனால்தான் உன்னிடமாவது சொல்லியிருக்கிறாள். அதைத் தனியாகச் சுமக்கிற வயசு உனக்கு இல்லை. "உன்னைப் பிடித்துக் கொடுக்கவில்லை, என்னால் தாங்க முடியவில்லை, அதனால் ஒரு ஆளிடம் சொல்லப்போகிறேன், நீயும் வா" என்று அவளிடமே முதலில் சொல். அந்த ஆள் கத்தாத ஆளாக இருக்கட்டும். டீச்சரோ, சித்தியோ, அவளுடைய பாட்டியோ. யாருமே தோன்றவில்லை என்றால் 1098க்குப் பேசு, பிள்ளைகளுக்கான எண். மனசு சம்பந்தமாகப் பேச 14416, போதையிலிருந்து மீள 14446. காசு கிடையாது.

இன்னொன்று. எப்போதாவது அவள் எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாக வருகிறது, உதடு நீலமாகிறது என்றால், தூங்கட்டும் என்று விட்டுவிடாதே. ஒருக்களித்துப் படுக்க வை, 108ஐக் கூப்பிடு, வாயில் தண்ணீரோ மோரோ ஊற்றாதே. என்ன மாத்திரை, எத்தனை என்பதை ஆம்புலன்ஸில் வருகிறவரிடம் ஒளிக்காமல் சொல். காலி அட்டை கிடைத்தால் கையில் எடுத்துக்கொள். அந்த நேரத்தில் யாரும் உன்னைத் திட்டமாட்டார்கள். திட்டினால் எனக்கு எழுது.

*கேள்வி: நானே தினமும் ராத்திரி குடிக்கிறேன் டீச்சர். மகனுக்குப் பதினாலு வயது. எந்த முகத்தோடு அவனிடம் இதெல்லாம் பேசுவது?*
— கரூர் வாசகர்

இந்தக் கடிதத்தை நான்கு தடவை படித்தேன் தம்பி. இத்தனை கடிதங்களில் தன்னைப் பற்றி எழுதியது நீங்கள் ஒருவர்தான்.

"குடி நல்லதில்லை, எனக்கு விட முடியவில்லை, விடுவதற்கு உதவி கேட்கப் போகிறேன்" என்று அவனிடம் சொன்னால் முகம் ஒன்றும் கெட்டுப்போகாது. அவனுக்குத் தெரியாத செய்தியும் இல்லை. ஆனால் நாளைக்கே ஒரேயடியாக நிறுத்தி வீரம் காட்டாதீர்கள். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்புகூட வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய், எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று குறைக்காமல் சொல்லுங்கள். மருந்து கொடுத்துப் படிப்படியாக இறக்குவார்கள்.

அதுவரைக்கும் ஒன்று செய்யுங்கள். தண்ணீர் பாக்கெட்டும் மிக்சரும் வாங்கிவர அவனைக் கடைக்கு அனுப்பாதீர்கள். நீங்களே நடந்து போய் வாங்கிக்கொள்ளுங்கள்.